குனியும் ஒளி

தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: எசாயா 43:16-21, பிலிப்பியர் 3:8-14, யோவான் 8:1-11



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இரண்டு முறை குனிகிறார். ஆறாம் வசனத்தில் ஒருமுறை, எட்டாம் வசனத்தில் மறுமுறை. எருசலேம் கோவில் முற்றம், பொழுது அப்போதுதான் விடிந்திருக்கிறது. ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். மோசேயின் சட்டப்படி இவளைக் கல்லால் எறிய வேண்டும், நீர் என்ன சொல்கிறீர், இப்போதே சொல்லும் என்று நெருக்குகிறார்கள். அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். விடாமல் கேட்கிறார்கள். நிமிர்ந்து, பாவமே இல்லாதவர் எவரோ அவர் தொடங்கலாம் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். பிறகு மறுபடியும் குனிந்துவிடுகிறார்.

நமக்கு வாசிக்கப்பட்ட பகுதி பதினோராம் வசனத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து அடுத்த வசனத்தைப் பாருங்கள். உலகின் ஒளி நானே என்று இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும் இடம் அதுதான். மண்ணில் எழுதிய விரலில் ஒட்டிய தூசிகூட உதிர்ந்திருக்காது, அதற்குள் அந்தச் சொல் வந்துவிடுகிறது. மறைநூல் அறிந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். இந்தப் பெண்ணின் கதை யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றில் இல்லை. சில படிகளில் லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. பிற்காலத்தில்தான் இந்த இடத்தில் சேர்ந்தது என்கிறார்கள். இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். திருச்சபை இதை இறைவார்த்தையாகவே ஏற்றிருக்கிறது. எனக்கோ இது கூடுதல் மகிழ்ச்சியைத் தருகிறது. இந்தக் கதையை எங்கே வைக்கலாம் என்று தேடிய ஆதித் திருச்சபையின் கை, ஒளியைப் பற்றிய அந்த வசனத்துக்கு வாசற்படியில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவர் குனிந்ததைப் பார் என்பதுபோல.

ஒளி உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒளிவிலகல் என்ற பாடம் படித்திருப்பீர்கள். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தண்ணீருக்குள் நுழைந்தால் அது 2 லட்சத்து 25 ஆயிரமாகக் குறைகிறது. கண்ணாடிக்குள் ஏறத்தாழ 2 லட்சம். வைரத்துக்குள் 1 லட்சத்து 24 ஆயிரம்தான். சாய்வாக வந்து நுழையும் ஒளி, வேகம் குறையும் அந்த எல்லையிலேயே திசை திரும்புகிறது. ஏன் திரும்புகிறது? வாழைத்தார் ஏற்ற வரும் டிராக்டர், தார்ச் சாலையிலிருந்து சாய்வாக உழுத வயலில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் முதலில் இறங்கிய சக்கரம் மெதுவாகிவிடும். சாலையில் இருக்கும் சக்கரம் பழைய வேகத்திலேயே உருளும். அதனால் வண்டி தானாகவே வயலுக்குள் திரும்பும். ஒளியின் அலையும் இப்படியே. ஒரு பக்கம் முன்னே மெதுவாகிறது, மறுபக்கம் பின்னே மெதுவாகிறது, பாதை வளைகிறது.

எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான் என் மனத்தைத் தொடும் செய்தி. காற்றிலிருந்து தண்ணீருக்கோ கண்ணாடிக்கோ போகும் ஒளி, மேற்பரப்பை ஒட்டிச் சாய்ந்தே போய்விடாமல் ஆழத்தை நோக்கித் திரும்புகிறது. காற்றைவிட அடர்ந்த ஒன்றைச் சந்திக்கும்போது தன் வேகத்தை விட்டுக்கொடுத்து உள்ளே இறங்குகிறது. இப்படி வளைவது ஒளிக்கு ஒரு குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோவில் முற்றத்துக்குத் திரும்புவோம். அங்கே எல்லாம் வேகம். பிடித்தார்கள், இழுத்தார்கள், நிறுத்தினார்கள், கேட்டார்கள், கல்லையும் எடுத்துவிட்டார்கள். அந்த வேகத்தை இயேசு உடைத்த விதம் குனிவதுதான். தரையில் எழுத நேரமாகும். ஒருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் நேரமாகும். அவர் என்ன எழுதினார் என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. அதுவரை எல்லாருடைய கண்ணும் அந்தப் பெண்ணின் மேல் இருந்தது. அவர் குனிந்ததும் எல்லாக் கண்ணும் தரைக்குப் போயிருக்கும். அவமானத்தில் நின்ற ஒருத்திக்கு ஊர்ப் பார்வையிலிருந்து கொஞ்ச நேரம் விடுதலை கிடைத்தது. அவளும் மற்றவர்களைப்போல அவரை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, அவரும் அவளை முறைக்கவில்லை. மன்னிப்பு என்று நாம் சொல்வது அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நதி நம் படவேட்டு வழியாகத்தான் ஆரணிக்குப் போகிறது. மேலே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. தெளிந்த நீர் ஓடும் நாளில் ஆற்றில் ஒரு குச்சியை ஊன்றிப் பாருங்கள், நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோலத் தெரியும். குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீரிலிருந்து காற்றுக்கு வெளியேறும் ஒளி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது. கண்ணோ அது நேராகவே வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஈட்டியால் மீன் குத்துகிறவர் மீன் தெரியும் இடத்தில் குத்தினால் தண்ணீரைத்தான் குத்துவார். அதற்குக் கீழே குத்த வேண்டும். மீன் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை.

பெற்றோரே, இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து நேராகப் பார்த்தால் நீரின் ஆழம் நான்கில் மூன்று பங்காகத்தான் தெரியும். 8 அடிக் கிணறு 6 அடியாகத் தோன்றும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைவாகத் தெரியும். கோடை விடுமுறை வருகிறது. தரை தெரிகிறதே என்று பிள்ளைகள் கிணற்றிலோ குட்டையிலோ அணையின் மடுவிலோ இறங்குவார்கள். தரை தெரிவதை நம்ப வேண்டாம் என்று இன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நீரில் கண்டதற்காக ஒரு பெண்ணின் மேல் தீர்ப்புச் சொன்ன கதை இந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது. நம் அண்டை வீட்டார் தாயாக வணங்கும் ரேணுகாம்பாளின் கதை அது. தண்ணீர் எடுக்கப் போனவள் நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைக் கண்டாள், அந்த ஒரு நொடிக்காகக் கணவர் சினந்தார், மகன் கையாலேயே தலை வெட்டப்பட்டது, பிறகு உயிர் மீண்டாள் என்று ஆடி மாதம் முழுவதும் பம்பை, உடுக்கையோடு பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது அவர்களுடைய நம்பிக்கை. அதற்குப் பொருள் சொல்ல எனக்கு உரிமை இல்லை, மரியாதையோடு மட்டுமே அதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் வேப்பிலையும் கண்ணீருமாக அந்தத் தாயின் கோவில் வாசலுக்கு ஏன் வருகிறார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். பார்த்ததாகச் சொல்லப்பட்டதற்காகவும், பேசியதாகச் சொல்லப்பட்டதற்காகவும் தண்டிக்கப்பட்ட பெண்கள் நம் தெருக்களில் இல்லையா? தாமதமாக வீட்டுக்கு வந்த மகளை, போனில் சிரித்துப் பேசிய மருமகளை, கணவனை இழந்தபின் நல்ல சேலை கட்டிய தங்கையை நாம் எந்தக் கண்ணால் பார்த்தோம்? நாம் பார்த்தது பொய் என்று சொல்லவில்லை. நாம் பார்த்த இடத்தில் அவர்கள் இல்லை. நம் கண்ணுக்கும் அவர்களுடைய வாழ்க்கைக்கும் நடுவில் நாம் அறியாத எத்தனையோ இருக்கிறது. அதைக் கடந்துதான் அந்தக் காட்சி நம்மை வந்து சேர்கிறது.

ஒன்பதாம் வசனத்தில், முதியோர் தொடங்கி ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள் என்று வாசித்தோம். வயதானவர்கள் முதலில் போனார்கள். நம் ஊர்ப் பெரியவர்களே, இந்த மரியாதையை நற்செய்தி உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. பஞ்சாயத்திலும் குடும்பப் பேச்சிலும் முதல் கல்லைக் கீழே போட வேண்டியவர்கள் நீங்கள். நீங்கள் போட்டால் இளையவர்களும் போடுவார்கள்.

இரண்டாம் வாசகத்துக்கு நம் பட்டே விளக்கம் தரும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்கிற குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். பட்டு ஏன் மின்னுகிறது? பட்டு இழையை நுண்ணோக்கியில் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மூலைகள் மழுங்கிய முக்கோணமாகத் தெரியும். ஒளி அதற்குள் வளைந்து நுழைகிறது, உள்ளே பட்டுத் திரும்புகிறது, மறுபடி வளைந்து வெளியே வருகிறது. ஆனால் புழு நூற்றபடியே எடுத்த கச்சாப் பட்டுக்கு அந்தப் பளபளப்பு இல்லை. இழையைச் சுற்றிலும் ஒரு பசை மூடியிருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து அந்தப் பசையை எடுத்த பிறகுதான் பட்டு பட்டாகிறது. அதில் எடையும் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். எடை போட்டு வாங்கிய சரக்கில் கால் பங்கு குறைகிறதே என்று எந்த நெசவாளரும் அவிக்காமல் விடுவதில்லை. கிறிஸ்துவின் பொருட்டு அனைத்தையும் இழந்துவிட்டேன், அதைக் குப்பையாகவே கருதுகிறேன் என்ற பொருளில் பவுல் எழுதுகிறார். அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. குலப்பெருமை, படிப்பு, சட்டத்தைக் கடைப்பிடித்தோம் என்ற நல்ல பெயர் எல்லாம் அவரிடம் இருந்தன. அவையெல்லாம் பொய்யும் அல்ல, பாவமும் அல்ல. ஆனாலும் ஒளி நுழைய விடாமல் மூடியிருந்தன. அன்று கல்லோடு நின்றவர்களிடமும் அந்த நல்ல பெயர் இருந்தது.

ஒளி வளைவதை மனிதர் அறிந்ததும் இன்று நேற்று நடந்ததல்ல. அதன் கணக்கைப் பாக்தாத் நகரில் இப்னு சால் என்ற அறிஞர் 984ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பின்னர் 1621இல் ஹாலந்தில் ஸ்னெல் அதையே கண்டறிந்தார். இடையில் நம் திருச்சபையின் துறவி ஒருவரும் இருக்கிறார். புனித தோமினிக் சபையைச் சேர்ந்த ஃப்ரைபர்க் நகர் தியோடோரிக், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை நிரப்பி அதையே ஒரு பெரிய மழைத்துளியாக வைத்துச் சோதித்தார். ஒளி துளிக்குள் வளைந்து நுழைந்து, உள்ளே திரும்பி, மறுபடி வளைந்து வெளியேறுவதால் வானவில் தோன்றுகிறது என்று விளக்கினார்.

இதைவிட எனக்கு நெருக்கமான செய்தி மூக்குக்கண்ணாடி. 1306ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆம் நாள், இன்றைப் போலவே ஒரு தவக்காலத்தில், இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் அதே தோமினிக் சபைத் துறவி ஜோர்தானோ மறையுரை ஆற்றினார். நல்ல பார்வை தரும் கண்ணாடி செய்யும் கலை கண்டறியப்பட்டு இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று அதில் மகிழ்ச்சியோடு சொன்னார். மூக்குக்கண்ணாடியின் வரலாற்றைத் தேடுபவர்கள் இன்றும் அந்த மறையுரையைத்தான் முதன்மைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த நாள்களில் பீசா நகரத்து மடத்தில் அலெசாண்ட்ரோ தெல்லா ஸ்பீனா என்றொரு சகோதரர் இருந்தார். கண்ணாடியை முதலில் செய்தவர் அந்த வித்தையைப் பிறருக்குச் சொல்ல மறுத்துவிட்டார். இந்தச் சகோதரர் பார்த்தே அதைச் செய்யக் கற்றுக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் முகமலர்ச்சியோடு சொல்லிக் கொடுத்தார் என்று அந்த மடத்தின் குறிப்பேடு சொல்கிறது. 1313இல் இறந்த அவரை அந்த மடம் இதற்காகவும் நினைவுகூர்ந்தது.

நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போகிறது, பக்கத்தில் இருப்பவற்றிலிருந்து வரும் ஒளியைப் போதுமான அளவு வளைக்க அதனால் முடிவதில்லை. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அறுந்த பாவு இழையைத் தேடிப் பிணைக்க வேண்டியவர்க்கு அது பிழைப்பையே பாதிக்கும். தேவையான வளைவில் ஒரு பகுதியைக் கண்ணாடி முன்னாலேயே செய்து கொடுத்துவிட்டால் மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆனாலும் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள் என்றோ, ஒரு நாள் கூலி போய்விடும் என்றோ தள்ளிப்போட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு தறியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போக ஒருவர் வேண்டும்.

மதுரையில் ஒருவர் அப்படி அழைத்தார். வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களுக்குப் பிடிக்கும்படியான கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவை மருத்துவராக மாறினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை விழுந்த வில்லையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து ஏழைகளுக்கு எட்டாத விலையில் வந்தது. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அமைத்து மதுரையிலேயே அதைச் செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. பீசாவின் அந்தச் சகோதரர் செய்ததும் இதுதான். நேராக நீட்ட முடியாத விரல்களால் ஒளி எங்கே எவ்வளவு வளைய வேண்டுமோ அங்கே அவ்வளவு வளையச் செய்த மனிதர் வெங்கடசாமி. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் கோவில் முற்றத்தில் குனிந்தவரின் அருகில் நிற்கத் தகுதியுள்ளவர் என்று நான் துணிந்து சொல்வேன்.

முதல் வாசகத்துக்கு வருகிறேன். பாபிலோனில் இன்னும் அடிமைகளாக இருக்கும் மக்களிடம் எசாயா பேசுகிறார். புதிதாக ஒன்று முளைத்துவிட்டது, உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார். விடுதலை இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிட்டதுபோலப் பேசுகிறார். இது எப்படி என்று கேட்டால் ஒரு விடியலைக் காட்டலாம். நமக்கு மேற்கே மலை, கிழக்கே சமவெளி. அந்தச் சமவெளியின் விளிம்பில் சூரியன் தலைகாட்டும்போது அது உண்மையில் இன்னும் விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று, கீழே போகப் போக அடர்ந்துகொண்டே வருகிறது. அதன் வழியாக வரும் ஒளி சிறிது சிறிதாக வளைந்து, விளிம்பைத் தாண்டி நம்மிடம் வருகிறது. சூரிய வட்டத்தின் அகலத்துக்குச் சற்றே கூடுதலான அளவு அது உயர்ந்து தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் சூரியன் உதிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்பே அதைப் பார்த்துவிடுகிறோம். இதே ஜவ்வாது மலையின் மேல் காவலூர் வானாய்வகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அன்றாட வேலை.  

கோவில் முற்றத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் விடிந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அவள் பேசியதெல்லாம், யாரும் தீர்ப்பிடவில்லை ஐயா என்ற ஒரே பதில்தான். அழுதாள் என்று இல்லை, காலில் விழுந்தாள் என்று இல்லை, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள் என்றும் இல்லை. அவளுடைய மனமாற்றம் விளிம்புக்கு மேலே வருமுன்பே அவருடைய இரக்கம் அவள் முகத்தில் விழுந்துவிட்டது. இனிப் பாவம் செய்யாதே என்று அவர் கட்டளையிட்டது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் எதற்குப் பிறகு சொன்னார் என்று பாருங்கள். நானும் தீர்ப்பிடவில்லை என்பது முதலில் வந்தது. நாம் பெரும்பாலும் வரிசையை மாற்றிவிடுகிறோம். நீ திருந்து, பிறகு பார்க்கலாம் என்கிறோம். மகனோடு பேச்சை நிறுத்தியிருக்கும் தகப்பன்மார், காதலித்து மணந்த மகளை வாசற்படி மிதிக்கவிடாத தாய்மார், அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினையில் அறுந்த உறவுகள், எல்லாம் அந்த வரிசையில் சிக்கி நிற்கின்றன. நீங்கள் முதலில் குனிந்தால் உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஆண்டவர் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தது! அங்கிருந்தவர்களில் கல்லெறிய உரிமையுள்ள ஒரே ஒருவர் அவர்தான். அவர்தான் குனிந்தார்.

அந்தப் பெண் பிறகு எங்கே போனாள், அவளை யார் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. அவள் திரும்பிப் போனது அதே தெருவுக்குத்தான், கல்லைக் கீழே போட்டுவிட்டு முன்னே போனவர்கள் குடியிருக்கும் அதே தெருவுக்கு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் இரண்டே வாரம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் பேச்சை நிறுத்திய ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். பேச வார்த்தை வராவிட்டால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள், அதுவே போதும். கண் மங்கிய நெசவாளர் உங்கள் தெருவில் இருந்தால், கண் மருத்துவரிடம் அவரை யார் எந்தக் கிழமை அழைத்துப் போவது என்று அன்பியக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பேருந்துச் செலவை நாம் பொதுவில் பகிர்ந்துகொள்வோம்.

நாளைத் திங்கட்கிழமைத் திருப்பலியில் பன்னிரண்டாம் வசனத்திலிருந்து வாசிப்போம். வேலைக்குப் போகுமுன் வர முடிந்தவர்கள் வாருங்கள். வர இயலாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். ஆமென்.